வெட்டுப்படும் காய் திருப்பி அடித்தால்: ஆர்க்கான் (1983) பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சதுரங்கத்தில் ஒரு சிப்பாய் ராணியை வெட்டினால் வெட்டினதுதான். எவ்வளவு பலமான காயாக இருந்தாலும், எதிரி வந்து அதன் கட்டத்தில் உட்கார்ந்த கணமே அது பலகையை விட்டு வெளியேற வேண்டும். இந்த உறுதியை நம்பித்தான் ஆடுபவர்கள் ஏழெட்டு நகர்த்தல் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். 1983-ல் வெளிவந்த ஆர்க்கான் என்ற கணினி விளையாட்டு இந்த ஒரு விதியில் கை வைத்தது. எதிரியின் கட்டத்துக்குள் உங்கள் காய் நுழைந்தால், பலகை மறைந்து திரை முழுக்க ஒரு சண்டைக்களம் விரியும். இரண்டு காய்களும் நேருக்கு நேர் நிற்கும். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு பட்டன். உயிரோடு மிஞ்சுபவருக்கே கட்டம்.

சதுரங்கத்தையும் சண்டையையும் கலந்து விளையாட்டு செய்யலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடியதுதான். அதற்குப் பிறகு பலர் செய்தும் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஆர்க்கான் மட்டும் நாற்பது ஆண்டு தாண்டியும் ஆடப்படுகிறது, அதன் விதிகள் இன்னும் பேசப்படுகின்றன. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலகையில் எடுத்த முடிவு சண்டைக்குள் போகிறது, சண்டையில் பட்ட காயம் பலகைக்குத் திரும்பி வருகிறது. இந்த இருவழிப் போக்குவரத்தை இவ்வளவு சுத்தமாக அமைத்த வேறு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

செய்தவர்கள்

ஜான் ஃப்ரீமேன், ஆன் வெஸ்ட்ஃபால், பால் ரைக்கி என்ற மூன்று பேர். ஃப்ரீமேன் 1978-ல் ஜிம் கானலியோடு சேர்ந்து ஆட்டோமேட்டட் சிமுலேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். பிற்காலத்தில் எபிக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது அதே நிறுவனம்தான். அவர்களுடைய முதல் வெளியீடு ஸ்டார்ஃப்ளீட் ஓரியன், விண்வெளிக் கப்பற்படைகளை வைத்து இரண்டு பேர் மோதும் வியூக விளையாட்டு. வெஸ்ட்ஃபால் அதே நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தார், ஃப்ரீமேனின் மனைவி. நிறுவனம் வளர வளர அங்கே இருக்கப் பிடிக்காமல் இருவரும் வெளியே வந்து, ரைக்கியைச் சேர்த்துக்கொண்டு ஃப்ரீ ஃபால் அசோசியேட்ஸ் என்ற சின்னக் குழுவை அமைத்தார்கள். ரைக்கி அதற்கு முன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர்.

இந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். விண்வெளிப் போர், காகிதமும் பகடையும் வைத்து ஆடும் மாயக்கதை விளையாட்டு, எந்திர மொழியில் வேகமாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவர். மூன்றும் ஆர்க்கானுக்குள் இருக்கின்றன.

வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். ஆப்பிளிலிருந்து விலகிய ட்ரிப் ஹாக்கின்ஸ் 1982-ல் தொடங்கிய நிறுவனம், அப்போது புத்தம் புதுசு. அதன் முதல் தொகுதி வெளியீடுகளில் ஒன்று ஆர்க்கான். இசைத்தட்டு உறை மாதிரி மெல்லிய அட்டையில், உருவாக்கியவர்களின் பெயரைத் தெரியும்படி போட்டு விற்றார்கள். முதலில் அட்டாரி 8-பிட் கணினிகளுக்கு வந்தது, அப்புறம் கமடோர் 64, ஆப்பிள் II, ஐபிஎம் பிசி, அமிகா என்று பரவியது. 1989-ல் நின்டென்டோவின் என்இஎஸ் என்ற வீடியோ கேம் கருவிக்கும் வந்தது.

பலகை

சதுரங்கத்துக்கு 8×8, இதற்கு 9×9. மொத்தம் 81 கட்டங்கள். ஒற்றைப்படை என்பதால் நட்டநடுவில் ஒரு கட்டம் கிடைக்கிறது, அது பின்னால் முக்கியமாகிறது. ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் இருள். ஆளுக்கு 18 காய்கள், இரண்டு வரிசையில்.

காய்கள் பெரும்பாலும் பழங்கதைகளில் வரும் உயிரினங்கள். ஒளியின் தலைவன் மந்திரவாதி. அவனைச் சுற்றி இரண்டு யூனிகார்ன், இரண்டு கோலெம், இரண்டு வால்கிரி, ஒரு ஜின், ஒரு ஃபீனிக்ஸ். முன்வரிசையில் இரண்டு ஓரத்திலும் வில்லாளிகள், நடுவே ஏழு வாள்வீரர்கள். இருளின் தலைவி சூனியக்காரி. அவளிடம் இரண்டு பாஸிலிஸ்க், இரண்டு ட்ரோல், இரண்டு பான்ஷி, ஒரு டிராகன், ஒரு உருமாறி. முன்னே இரண்டு மான்டிகோர், ஏழு காப்ளின்.

இங்கேதான் சதுரங்கத்திலிருந்து முதல் பெரிய விலகல். சதுரங்கத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் படை ஒன்றே. ஆர்க்கானில் சில காய்கள் ஏறக்குறைய சமம்: வாள்வீரனுக்கு காப்ளின், வில்லாளிக்கு மான்டிகோர், கோலெமுக்கு ட்ரோல். ஆனால் வால்கிரி தூரத்தில் நின்று ஈட்டி எறிகிறாள். பான்ஷி தன்னைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு அலறுகிறாள், அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை உயிர் கரைந்துகொண்டே இருக்கும். ஃபீனிக்ஸ் தன்னையே வெடித்துக்கொள்கிறது. உருமாறி எதிரே யார் நிற்கிறாரோ அவராகவே மாறி, அவருடைய ஆயுதத்தாலேயே அடிக்கிறது. உருமாறியை எதிர்த்துப் போகும்போது எந்தக் காயை அனுப்புவது என்பது தனிக் கேள்வி. பலமானதை அனுப்பினால் எதிரியும் அதே பலத்தோடு வருவான். மெதுவான, கையாளக் கடினமான ஒன்றை அனுப்பினால் யாருக்கு அதைக் கையாளத் தெரியுமோ அவர் ஜெயிப்பார்.

நகர்வு விதிகள் எளிமையானவை. தரையில் நடப்பவை வழியில் வேறு காய் இருந்தால் தாண்ட முடியாது. பறப்பவை தாண்டும். தலைவர்கள் இருவரும் மறைந்து வேறிடத்தில் தோன்றுகிறார்கள். கற்றுக்கொள்ள கால் மணி நேரம் போதும்.

பலகையின் உயிர் இருப்பது கட்டங்களின் நிறத்தில். சில கட்டங்கள் எப்போதும் வெள்ளை, சில எப்போதும் கறுப்பு. மீதமுள்ளவை நிலையில்லாதவை, நகர்த்தல்கள் போகப்போக இருட்டிலிருந்து படிப்படியாக வெளுத்து, உச்சிக்குப் போய், மறுபடி இருட்டுக்குத் திரும்பும். ஒளிப்படைக் காய் வெளிச்சமான கட்டத்தில் நின்று சண்டை போட்டால் அதன் உயிர்க்கோடு (எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் கோடு) நீளமாக இருக்கும், இருட்டில் நின்றால் குறுகிவிடும். இருளுக்கு இதற்கு நேர்மாறு.

வெல்வதற்கு மூன்று வழி. எதிரியின் எல்லாக் காயையும் அழிக்கலாம். கடைசியாக மிஞ்சியதைச் சிறைப்படுத்தலாம். அல்லது ஐந்து சக்திப் புள்ளிகளையும் பிடிக்கலாம். ஒவ்வொரு ஓரத்தின் மையத்திலும் ஒன்று, பலகையின் நடுவில் ஒன்று. இதில் இரண்டு, தலைவர்கள் ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் இடங்கள். அவை அவரவர் நிறத்திலேயே நிலையாக இருக்கும். மற்ற மூன்றும் நிறம் மாறும் கட்டங்கள். ஆகவே காத்திருப்பதும் ஒரு வியூகம். பலகை வெளுத்துக்கொண்டு வரும்போது இருள் ஆடுபவர் பின்வாங்கிப் பதுங்குவார், கறுக்கத் தொடங்கியதும் பாய்வார். ஒளி ஆடுபவருக்கும் இது தெரியும். எதிரி எப்போது பாய்வான் என்று இருவருமே காலண்டர் பார்த்துக் காத்திருக்கிறார்கள், பாதியில் யாராவது அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

களம்

ஒரு சண்டையைக் கிட்டே நின்று பார்ப்போம். ஒளியின் வாள்வீரன் நடுப்பகுதியில் ஒரு மாறும் கட்டத்தில் நிற்கிறான். பலகை கிட்டத்தட்ட முழு வெளிச்சம். இருள் ஆடுபவர் டிராகனை அவன்மேல் இறக்குகிறார்.

களம் விரிகிறது. திரையின் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக இரண்டு உயிர்க்கோடுகள். வாள்வீரன் படையிலேயே மெலிந்த காய், ஆனாலும் கட்டம் வெளுத்திருப்பதால் அவன் கோடு வழக்கத்தைவிட நீளம். டிராகன் வெளிச்சத்தில் வந்து மாட்டியிருப்பதால் அதன் கோடு குறைந்திருக்கிறது. டிராகனின் நெருப்பு தூரம் பாயும், பட்டால் பெரிய அடி. வாள்வீரனின் கத்தி பக்கத்தில் வந்தால்தான் படும்.

ஆனால் டிராகன் ஒருமுறை நெருப்பைக் கக்கினால் அடுத்ததற்குச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். வாள்வீரன் கத்தியைச் சட்சட்டென்று வீசலாம். பட்டனை அழுத்திக்கொண்டு குச்சியைத் திருப்பினால்தான் அடி விழும், அடிக்கும்போது நகர முடியாது. எட்டுத் திசையில் மட்டுமே அடி போகும். ஆகவே எட்டுத் திசைக்கோட்டில் எதிலும் சிக்காமல் குதிரைப் பாய்ச்சல் மாதிரியான கோணத்தில் நின்றால் டிராகன் சுட முடியாது. களத்தில் ஆங்காங்கே தடைகள் வேறு உண்டு. அவையும் நிறம் மாறுபவை. கெட்டியாக இருக்கும்போது ஆளும் ஆயுதமும் நிற்கும், மங்கும்போது தயங்கித் தயங்கிக் கடக்கலாம், மறைந்துவிட்டால் அங்கே ஒளிய இடமில்லை.

வாள்வீரன் ஒரு தடையின் பின்னால் நிற்கிறான். டிராகன் பொறுமையிழந்து கக்குகிறது, தடையில் பட்டு வீணாகிறது. அந்த இடைவெளியில் வாள்வீரன் பாய்ந்து ஒட்டிக்கொள்கிறான். நான்கைந்து வெட்டு. நடுவில் ஒரு நெருப்பு அவன் கோட்டை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனாலும் டிராகன் விழுகிறது.

அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். என் அக்கா பையனோடு ஆடியபோது நடந்தது. “மாமா, இது அநியாயம், டிராகனைப் போய் ஒரு வாள்காரன் எப்படிக் கொல்ல முடியும்?” என்று அவன் குதித்தான். அடுத்த நகர்த்தலிலேயே அவனுக்குப் பதில் கிடைத்தது. பலகை திரும்பி வந்தபோது என் வாள்வீரன் அதே கட்டத்தில், அதே அரைக்கால் உயிரோடு நின்றான். பக்கத்திலிருந்த ஒரு காப்ளினை அக்கா பையன் அனுப்பினான். ஒரே அடி.

இணைப்பு எங்கே இருக்கிறது

சதுரங்கத்தில் ஒரு காயைக் ‘காப்பது’ என்றால் என்ன? அதை யாராவது வெட்டினால் திருப்பி வெட்ட இன்னொரு காய் தயாராக இருப்பது. வெட்டு நிச்சயம், திருப்பி வெட்டுவதும் நிச்சயம். ஆர்க்கான் முதல் நிச்சயத்தை எடுத்துவிட்டது. அப்படியானால் காப்பு என்ற கருத்தே செத்துப்போயிருக்க வேண்டும், பலகை வெறும் அலங்காரமாகியிருக்க வேண்டும்.

சாகவில்லை. காரணம், ஜெயித்த காய் காயத்தோடு நிற்கிறது. காயம் சில நகர்த்தல்கள் போனால்தான் மெல்ல ஆறும். சக்திப் புள்ளியில் நின்றால் வேகமாக ஆறும். ஆகவே எதிரி எல்லைக்குள் போய் ஜெயிப்பவர் பாதி உயிரோடு எதிரிகளுக்கு நடுவே நிற்கிறார். அடுத்து வருகிற சாதாரணக் காயும் அவரை முடித்துவிடும். சதுரங்கத்தின் பரிமாற்றக் கணக்கு அப்படியே வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது: “இந்தக் காயை அடித்தால் எனக்கு எவ்வளவு மிஞ்சும்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நான் தப்பிக்க வழி உண்டா?” என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கம் பலகையிலிருந்து களத்துக்கு நிறம் போகிறது. எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் சண்டையைத் தொடங்குகிறோம் என்பதே உயிர்க்கோட்டின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. கைவேகம் இல்லாதவர் இருட்டு உச்சத்தில் இருக்கும்போது இருள்படையை நகர்த்தினால், அந்த நீளமான கோடே அவருடைய மெதுவான விரல்களுக்கு ஈடுகொடுக்கும். நிதானமாக யோசிப்பவரும் துடியான கை உள்ளவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டு இதனால்தான் உருவானது.

1988-ல் இன்டர்ப்ளே வெளியிட்ட பேட்டில் செஸ்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதிலும் காய்கள் உயிர்பெற்று நடக்கும், வெட்டும்போது சண்டை போடும். பார்க்க அழகு. ஆனால் யார் ஜெயிப்பார் என்பது ஏற்கெனவே முடிவானது; ஓடுவது ஒரு அசைபடம் மட்டுமே. இருபது தடவை பார்த்தபின் அதை அணைத்துவிட்டு வெறும் சதுரங்கம் ஆடத் தோன்றும்.

இன்னொரு இணைப்பு மந்திரங்கள். மந்திரவாதிக்கும் சூனியக்காரிக்கும் ஏழு மந்திரம், ஒவ்வொன்றும் ஆட்டத்தில் ஒரே தடவை. ஒரு காயை வேறிடத்துக்கு அனுப்புவது, காயம் ஆற்றுவது, நிறம் மாறும் ஓட்டத்தைத் திருப்புவது, இரண்டு காய்களை இடம் மாற்றுவது, ஒரு சண்டைக்கு மட்டும் நிலம் நீர் காற்று நெருப்பு ஆகிய பூதங்களில் ஒன்றை அழைப்பது, செத்த காயை எழுப்புவது, எதிரிக் காயைச் சிறைப்பிடிப்பது. சக்திப் புள்ளியில் நிற்பவர்மேல் எந்த மந்திரமும் பலிக்காது. மந்திரம் போடப் போட அதைப் போட்டவரின் பலம் குறையும். சதுரங்க ராஜாவைப் போல இந்தத் தலைவர் செத்தால் ஆட்டம் முடியாது, ஆனால் மீதி மந்திரங்கள் அத்தனையும் அவரோடு போய்விடும். ஆகவே சேமித்து வைப்பதும் ஆபத்து, செலவழிப்பதும் ஆபத்து. அனுபவசாலிகள் நேரத்தைத் திருப்பும் மந்திரத்தைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். எதிரி வெளிச்சத்தை நம்பிப் படையெடுத்து வரும் நேரத்தில் ஓட்டத்தைத் திருப்பினால், அவன் திட்டம் முழுவதும் காலடியில் இருண்டுவிடும்.

இதையெல்லாம் நாற்பத்தெட்டு கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில் வெஸ்ட்ஃபால் ஓடவைத்தார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறது

குறை இல்லாமல் இல்லை. இருவரின் கைத்திறனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் பலகை கைகொடுக்காது. நல்ல கைக்காரர் யூனிகார்னை எடுத்துக்கொண்டு ஓடி ஓடிச் சுட்டே எதிர்ப்படையைக் கரைத்துவிடுவார். நிறம், காயம், மந்திரம் எதுவும் அவரைத் தடுக்காது. சதுரங்கம் தெரிந்தவர்கள் முதல் ஆட்டத்தில் கோபப்படுவது இதனால்தான், அவர்கள் கோபம் நியாயமானதுதான்.

கடைசிக்கட்ட ஆட்டமும் பலவீனம். இருபுறமும் இரண்டு மூன்று காய் மிஞ்சினால், ஒருவர் தனக்குச் சாதகமான நிறம் வரும்வரை ஓடிக்கொண்டே இருப்பார், மற்றவர் துரத்திக்கொண்டே இருப்பார். ஐந்து புள்ளிகளைப் பிடிக்க ஐந்து காய் வேண்டும் என்பதால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சதுரங்கத்தில் முடிவாட்டம் ஒரு தனிக்கலை. ஆர்க்கானில் அந்தக் கட்டம் அப்படி வளரவில்லை.

அப்புறம் வந்தவை

1984-லேயே இரண்டாம் பாகம், ஆர்க்கான் II: அடெப்ட். சதுரக் கட்டங்களை விட்டுவிட்டு நான்கு பூதங்களின் வளையங்களாகப் பலகையை மாற்றினார்கள். ஆளுக்கு நான்கு மந்திரவாதிகள். படையை அவர்களே மந்திரசக்தி செலவழித்து வரவழைக்க வேண்டும். யோசனை ஆழமானது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் முதல் பாகத்தில் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் “இது சதுரங்கம்” என்று யாருக்கும் புரிந்தது; இதில் கையேட்டைப் படித்தாக வேண்டும். 1994-ல் எஸ்எஸ்ஐ என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட ஆர்க்கான் அல்ட்ரா பழைய பலகைக்குத் திரும்பி, ஒவ்வொரு காய்க்கும் கூடுதலாக ஒரு சிறப்பு ஆற்றலைக் கொடுத்தது. ஒரே பட்டனில் இருந்த தெளிவு அதில் கலைந்துவிட்டது.

உண்மையான வாரிசு வேறு பெயரில் வந்தது. ரைக்கி பிற்பாடு ஃப்ரெட் ஃபோர்டோடு சேர்ந்து 1990-ல் ஸ்டார் கன்ட்ரோல் செய்தார், அக்கோலேட் வெளியீடு. இதில் பலகைக்குப் பதில் சுழலும் முப்பரிமாண நட்சத்திர வரைபடம். மந்திரவாதிகளின் இடத்தில் வேற்றுக்கிரக இனங்கள், ஒவ்வொரு அணிக்கும் ஏழு வகைக் கப்பல். இரண்டு கப்பல்கள் ஒரே நட்சத்திரத்தில் சந்தித்தால் களம் விரியும். நடுவில் ஈர்ப்புவிசையோடு ஒரு கோள். கப்பலுக்குள் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையே அதன் உயிர்க்கோடு. சமமில்லாத படைகள், ஒருவருக்கொருவர் எதிரான விசித்திர ஆயுதங்கள், வரைபடத்திலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து வரைபடத்துக்கும் போய்வரும் ஆட்டம் என்று எல்லாமே ஆர்க்கானின் எலும்புக்கூடு. மாயக்கதையாக இருந்தது விண்வெளிக் கதையானது. ஃப்ரீமேன் 1978-ல் தொடங்கிய விண்கப்பல் சண்டை ஒரு சுற்று சுற்றி அவருடைய இளைய கூட்டாளியின் கையில் முடிந்தது. சயின்ஸ் ஃபேன்டசி வியூக விளையாட்டுகளில் இன்றைக்கும் என் முதல் பரிந்துரை இந்த இரண்டும்தான், ஆர்க்கானை முதலில் ஆடிவிட்டு.

ஆடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கணினியோடு ஆடாதீர்கள், பக்கத்தில் ஒரு மனிதரை உட்காரவையுங்கள். எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருள்) அட்டாரி அல்லது கமடோர் 64 பதிப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு கன்ட்ரோலர் செருகினால் போதும். எந்தப் பக்கம் பலமானது என்ற பழைய சண்டை உடனே தொடங்கிவிடும். டிராகனும் உருமாறியும் இருப்பதால் இருள்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு ஒளிதான். இரண்டு யூனிகார்ன்களும் உயிரோடு இருக்கும்வரை எந்த டிராகனைக் கண்டும் நான் பயப்பட்டதில்லை, பாஸிலிஸ்க் மட்டும்தான் கொஞ்சம் யோசிக்கவைக்கும்.